வாய்க்கால் தகராறும் ஆங்கில அகராதியும்

ஆங்கிலச் சொல்வளத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டால் நம்மூரில் உடனே ஒரு பட்டியலைக் கையில் திணிப்பார்கள். நானும் அப்படி ஒரு பயிற்சி வகுப்பில் நாளைக்கு ஐம்பது சொல் என்று கணக்கு வைத்து உருப்போட்டவன்தான். தேர்வு முடிந்த அடுத்த மாதமே முக்கால்வாசி போய்விட்டது. எதெல்லாம் தங்கியது என்று யோசித்தால், எனக்கு முன்பே தெரிந்த ஒரு வயலிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய்க் கட்டிப்போட முடிந்த சொற்கள் மட்டும்தான்.

ரைவல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எதிராளி, போட்டியாளர் என்று இருக்கும், அதோடு சரி. லத்தீனில் ரிவுஸ் என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன் ரிவாலிஸ், அவன்தான் ரைவல். கடைமடையில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மேலே உள்ளவன் ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்துவிட்டால் விடியும்போது மண்வெட்டியோடு வரப்பில் நிற்பது யார்? நம் பங்காளியும் பங்கு உள்ளவன் என்றுதான் கிளம்பினான், இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் சண்டைதான் முதலில் ஞாபகம் வருகிறது. கணக்கு வாத்தியார் சூத்திரத்தை டெரைவ் பண்ணுகிறாரே, அதுவும் இதே ஓடைதான், தண்ணீரைப் பிரித்து விடுவது என்று பொருள்.

இவ்வளவு தெரிந்ததும் ரிவர் கூட இந்தக் குடும்பம்தான் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். நான் சொல்லியும் இருக்கிறேன். தப்பு. ரிவர் வந்தது கரையைக் குறிக்கும் ரிபா என்ற வேறு சொல்லிலிருந்து. அரைவ் என்பதும் அங்கிருந்து வந்ததுதான், கரை சேர்வது. அதனால் காதுக்குப் பொருந்துகிறது என்பதற்காக முடிச்சுப் போடாதீர்கள், அகராதியைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். (கட்டுமரம், சுருட்டு என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றைப் பற்றி வாரத்துக்கு ஒருவர் பெருமையோடு எழுதிவிடுகிறார், அந்தப் பக்கம் நான் போகவில்லை.)

ஆஃப்டர்மாத் என்று செய்தியில் புயலுக்கும் போருக்கும் பிறகு வரும் நிலைமையைச் சொல்கிறார்கள். அந்த மாத் கணக்குப் பாடம் இல்லை, புல் அறுப்பதற்கான பழைய ஆங்கிலச் சொல். முதல் அறுப்பு முடிந்தபின் தழைக்கிற இரண்டாம் புல்லைத்தான் 16ஆம் நூற்றாண்டில் ஆஃப்டர்மாத் என்றார்கள். நம் மறுதாம்பு! செமினார் என்பது விதைப்படுகையிலிருந்து வந்தது, அதாவது நாற்றங்கால். இதைக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகனிடம் ஆசையாகச் சொன்னேன். "நாற்றங்கால்னா என்ன மாமா?" என்றான். செமினார் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நாற்று விட்டவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் பாதிச் சாவி கையிலேயே இருக்கிறது, நாம்தான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பட்டியலைக் கொடுக்கிறோம்.

தாத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மூன்றாம் நாள், என்றோ விற்றுவிட்ட மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டர்தான் இது டெலிரியம், வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுண்டு என்றார். ரெண்டு நாளில் தெளிந்துவிட்டார். அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். லிரா என்றால் உழவில் விழுகிற சால். சாலை விட்டு ஏர் விலகிப் போவதுதான் டெலிரியத்தின் மூலப்பொருள். ஏர் பிடித்துக் காய்ப்பேறிய கைக்காரருக்கு அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். எனக்கு இனி அது மறக்கவே மறக்காது.

மந்தைக்கு லத்தீனில் கிரெக்ஸ். இந்த ஒன்று தெரிந்தால் நாலு சொல் சேர்ந்தே வரும். காங்கிரிகேட் என்றால் மந்தையாகக் கூடுவது, செக்ரிகேட் என்றால் பிரித்து ஓட்டுவது, கிரிகேரியஸ் என்றால் கூட்டத்தோடு இருக்கப் பிடித்த ஆள், எக்ரீஜியஸ் என்றால் மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஆனால் கடைசிச் சொல் ஒருகாலத்தில் பாராட்டு, இன்று மகா மோசமான தவற்றைத்தான் அப்படிச் சொல்வார்கள். மேனேஜரைப் புகழ்வதாக நினைத்து எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். வேர் தெரிந்தால் சொல் மனதில் நிற்கும், அவ்வளவுதான், இன்றைக்கு எப்படிப் புழங்குகிறார்கள் என்பதை நாலு வாக்கியம் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

பண விஷயத்தைக் குறிக்கும் பெக்யூனியரி எனக்கு ரொம்பப் பிடித்த சொல். உள்ளே இருப்பது பெக்கு, கால்நடை. "மாடல்ல மற்றை யவை" என்று 400ஆவது குறளில் மாடு என்பது செல்வம்தானே, லத்தீன்காரனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையாவது மறக்குமா?

இந்த மறுதாம்பை உங்கள் பக்கம் வேறு பெயரில் சொன்னால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.