14,000 ரூபாய் எத்தனை நாள் கூலி?

மகப்பேறு உதவித்தொகை பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அதான் அரசாங்கம் பணம் குடுக்குதே, இன்னும் என்ன?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பணமாகக் கைக்கு வருவது 14,000, அதுவும் தவணை தவணையாக. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 14,000 அவளுக்கு 35 நாள் சம்பளம். சட்டம் சொல்கிற 26 வாரச் சம்பள விடுப்புக்கு, வாரம் ஆறு நாள் வீதம் பார்த்தால் 62,400 ரூபாய் வர வேண்டும். நடுவில் விழுகிற 48,400 ரூபாயை அவள்தான் சமாளிக்கிறாள். தோடு அடகுக்குப் போகும், மகளிர் குழுவில் கடன் ஏறும், அதுவும் போதாதபோது பச்சை உடம்போடு வேலைக்குக் கிளம்புவாள்.

திட்டத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்த்திக்கொண்டே வந்த மாநிலம் இது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013லேயே குறைந்தது 6,000 ரூபாய் என்று எழுதி வைத்தும், மத்திய அரசு முதல் குழந்தைக்கு 5,000 என்றுதான் 2017இல் ஆரம்பித்தது. அதோடு பார்த்தால் நாம் எவ்வளவோ மேல். ஆனாலும் இது உதவித்தொகைதான். பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது நின்றுபோன சம்பளம்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட், அதாவது தைத்த உருப்படிக்குத்தான் கூலி; சனிக்கிழமை சம்பளம். குழந்தைக்கு மூன்றாம் மாதம் பிறப்பதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்கெல்லாம் மார் கட்டிக்கொள்ளும். நைந்த பனியன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு தைப்பார். சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு வருவார். அதே நேரத்தில் வீட்டில் மாமியார் டப்பா பாலைக் கரைத்துக்கொண்டிருப்பார். ஒரு டப்பாவின் விலையைச் சொல்லி அந்த அக்கா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. பீஸ் ரேட்டில் எழுந்து போகிற ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு. அப்புறம் அந்த இடைவேளையை யார் கேட்பார்கள்? இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்திருந்தால் 26 வாரச் சம்பளமும் வந்திருக்கும். கான்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "உன் பேரே கம்பெனி ரெஜிஸ்டர்ல இல்லையேம்மா" என்றாராம். வருடக்கணக்கில் அதே மெஷினில் தைத்தவருக்குக் கிடைத்த பதில் அது.

முதலாளிகள் கெட்டவர்கள் என்பதோடு இது முடிந்துவிடாது. 2017இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு முழுப் பணத்தையும் வேலை கொடுப்பவர் தலையிலேயே கட்டினார்கள். பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் செய்கிறவர் என்ன செய்வார்? வேலை கேட்டு வரும் பெண்ணிடம், "கல்யாணம் ஆகி எத்தனை மாசம்? குழந்தை இருக்கா?" என்று கேட்பார். பல பேர் அங்கேயே வடிகட்டப்படுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை இதை முன்கூட்டியே யோசித்து, செலவைத் தனி முதலாளி மேல் சுமத்தாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுக்கச் சொல்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. கட்டாயம் வேண்டியதுதான், அதில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அதே அரசு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் சித்தாள் பெண்ணுக்கும் அதே வலி, அதே தையல். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் 2000இல்தான்.

நான் கேட்பது இதுதான். வீட்டு வேலை, கட்டட வேலை, வீட்டிலிருந்தே பிசிர் வெட்டிக் கொடுக்கிற வேலை, எதுவானாலும் எல்லாப் பெண்களையும் இ.எஸ்.ஐ. போன்ற ஒரே நிதிக்குள் கொண்டு வாருங்கள். அரசும் அதில் பணம் போடட்டும். தொகையை அன்றைய குறைந்தபட்சக் கூலியோடு கட்டிவிடுங்கள். கூலி ஏறினால் அதுவும் தானாக ஏற வேண்டும். எட்டாம் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு, மாதாமாதம் முதல் வாரத்தில், வாடகை கொடுக்க வேண்டிய தேதிக்கு முன்னால் அவள் கணக்கில் பணம் விழ வேண்டும்.