கைச்சூட்டில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறாது

“கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் படலம்) ஸ்டிக்கரைக் கைப்பேசியின் பின்னால் ஒட்டினால் கைச்சூட்டிலேயே சார்ஜ் ஏறும்” என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய்.

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது சரி. ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் 1821-லேயே கண்ட விளைவு அது. ஆனால் சூடு மட்டும் போதாது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். உள்ளங்கை 34 டிகிரி. கோலாலம்பூர் மதியத்தில் காற்றே 33 டிகிரி. ஸ்டிக்கரோ காகித மெல்லிசு, இரு பக்கமும் சட்டென்று ஒரே சூட்டுக்கு வந்துவிடும். சரி, 5 டிகிரி வித்தியாசம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். டிகிரிக்கு 100 மைக்ரோவோல்ட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் அரை மில்லிவோல்ட்தான் வரும். சார்ஜருக்கு வேண்டியது 5 வோல்ட்!

அடுக்கடுக்கான டின் செலினைடு என்ற சேர்மம் வெப்பத்தை மின்சாரமாக்குவதில் 2014-இல் அசத்தியது உண்மை. ஆனால் அது 650 டிகிரிச் சூட்டில். அந்த ஸ்டிக்கருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.