பள்ளி அங்கே, பிள்ளைகள் இங்கே

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு கூட்டம். மலேசியாவில் எங்கள் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியை எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, மாற்றலாமா, கூடாதா என்று. நான் போய் உட்கார்ந்த நான்காவது கூட்டம் இது. மூன்று மணி நேரம் பேசினார்கள், மேசையைத் தட்டினார்கள். ஒரு பெரியவர் அழுதேவிட்டார். கடைசியில் "அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம்" என்று கலைந்தார்கள். என் மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது தொடங்கிய பேச்சு இது. அவள் இப்போது நான்காம் ஆண்டு.

அந்தத் தோட்டப் பள்ளியில் இன்று பதினோரு பிள்ளைகள் படிக்கிறார்கள். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருடமாயிற்று. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி காலி. அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் எங்கே? இங்கேதான், எங்கள் தாமானிலும் பக்கத்துத் தாமான்களிலும். எங்கள் சாலையில் மட்டும் பதினான்கு இந்தியக் குடும்பங்கள். நடந்து போகும் தூரத்தில் மலாய் மொழியில் நடக்கும் தேசியப் பள்ளி இருக்கிறது, சீனப் பள்ளி இருக்கிறது. என் மகள் போகும் நகரத்துத் தமிழ்ப்பள்ளிக்கோ பதினெட்டுக் கிலோமீட்டர்.

வேன் ஐந்து நாற்பதுக்கு வாசலில் வந்து நிற்கும். மகள் ஐந்து மணிக்கே எழ வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வயிற்றில் எதுவும் இறங்குவதில்லை. வேனில் தூங்கி, சட்டை கசங்கி, தலை கலைந்துதான் பள்ளிக்குள் போகிறாள். வீடு திரும்ப மதியம் மூன்றாகிவிடும். வேன் கட்டணம் மாதம் இருநூறு ரிங்கிட். எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகள், கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணக்குப் பார்த்தார்கள், மூவரையும் தேசியப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அறுநூறு ரிங்கிட் எங்கிருந்து வரும்? கூட்டத்தில் "தமிழனுக்கு மொழிப்பற்று இல்லை" என்று ஒருவர் முழங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பற்று இருக்கிறது ஐயா, பள்ளிதான் பக்கத்தில் இல்லை!

தோட்டத்தில் பள்ளி எப்படி வந்தது என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறோம். பள்ளிக்கூட வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால்தான் லயத்துப் பக்கத்திலும் கோயில் ஓரத்திலும் கொட்டகை எழுந்தது. பல இடங்களில் வேலையை மேய்க்கும் கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். அதாவது பிள்ளைகள் இருந்த இடத்தைத் தேடி அன்று பள்ளி வந்தது. இன்று பள்ளி இருக்கும் இடத்தைத் தேடிப் பிள்ளைகள் இருட்டில் போகிறார்கள்.

நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 530கூட இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் சில போயின. தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது சில போயின. சின்னப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்ததிலும் எண்ணிக்கை குறைந்தது. அதனால் "பள்ளியைத் தொடாதே" என்று கத்துபவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளி உரிமம் ஒரு தடவை கைவிட்டுப் போனால் புதிதாக ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. நிலமோ தோட்ட நிறுவனத்தினுடையது. பள்ளி வெளியேறினால் அந்த நிலம் நமக்கில்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்த உரிமத்தைக் காப்பாற்றவே இடமாற்றம் கேட்கிறோம் என்பது ஏன் இவர்களுக்குப் புரியவில்லை? ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயரில் தோட்டம், சுற்றிலும் நகரம். தோட்டம் போனாலும் பள்ளி பிள்ளைகளோடு நகர்ந்து வந்தது, பிழைத்தது. பெயரைக்கூட மாற்ற வேண்டாம். தாத்தா பாட்டி வியர்வை சிந்திய தோட்டத்தின் பெயர் எங்கள் தாமானில் பலகையில் நிற்கட்டும், எங்களுக்குப் பெருமைதான். பதினொன்று ஐந்தாகி, ஐந்து பூஜ்யமாகும்வரை காத்திருந்தால் அப்புறம் எதை இடம் மாற்றுவது?

அன்று மேடையில் உணர்ச்சியோடு பேசியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். அவர்கள் நினைவுகளை மதிக்கிறேன். ஆனால் அவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தமிழ்ப்பள்ளியில் இருக்கிறார்கள்? நான் எழுந்து கேட்டேன். "தனிப்பட்ட விஷயம் பேசாதீர்கள்" என்று உட்கார வைத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்புவது மட்டும் யாருடைய தனிப்பட்ட விஷயம்?

அடுத்து எல்லைத் தகராறு. புதுப் பள்ளி வந்தால் எந்தெந்தத் தாமான் பிள்ளைகள் அதில் சேருவார்கள் என்று ஒரு வரைபடம் காட்டினார்கள். உடனே நகரத்துப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் எழுந்துவிட்டார்கள். "எங்கள் மாணவர்கள் அறுபது பேர் போய்விடுவார்கள். எண்ணிக்கை 150க்குக் கீழே இறங்கினால் நாங்களும் குறைந்த மாணவர் பள்ளி ஆகிவிடுவோம்" என்றார்கள். எல்லைக் கோட்டை இந்தப் பக்கம் தள்ளு, அந்தத் தாமானை விட்டுவிடு என்று அரைமணி நேரம் பேரம். என் மகள் அந்த அறுபதில் ஒருத்தி. அவளை ஒரு பள்ளியின் எண்ணிக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பாக நினைத்துப் பேசுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? எதிர்வீட்டு மூன்று பிள்ளைகளைப் போலத் தூரத்தாலும் செலவாலும் தமிழ்ப்பள்ளியை விட்டே போனவர்களை அந்த வரைபடத்தில் யாரும் எண்ணவில்லை. அவர்களையும் எண்ணினால் இரண்டு பள்ளிக்கும் ஆள் இருக்கிறது.

இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் எழுந்து நின்றார். இரண்டு பிள்ளைகள் அந்தப் பதினொன்றில் இருக்கிறார்கள். "பள்ளிக்கூடம் அங்க போயிட்டா எம்பிள்ளைங்கள யாருங்க கொண்டு போவா? எங்க வீட்டுல ஒரே மோட்டார் சைக்கிள்தான்" என்று கேட்டார். எதிர்த்தவர்கள் கைதட்டினார்கள். ஆதரித்த எங்கள் பக்கம் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. எனக்கு அதிகக் கோபம் அங்கேதான் வந்தது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு ஒன்பது கிலோமீட்டர், பொதுப் பேருந்து கிடையாது. நான் நான்கு வருடமாகப் படும் பாட்டை அந்த அம்மாவின் தலையில் இறக்கி வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு பள்ளி வேண்டாம். கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும்வரை இலவசப் பேருந்து ஓட வேண்டும். யார் பணம் கட்டுவது என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். புதுக் கட்டடம் எழுந்து வகுப்பு தொடங்கும்வரை பழைய பள்ளியின் கதவைப் பூட்டக் கூடாது.

எங்கள் தாமான் மூலையில் பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலம் வேலி போட்டுக் கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு லாலான் புல் வளர்ந்திருக்கிறது. தினமும் காலையில் மகளின் வேன் அதைத் தாண்டித்தான் போகிறது.

அடுத்த கூட்டத்துக்கு நானும் இன்னும் ஆறு பெற்றோரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். முதல் பேச்சு அந்த அம்மாவின் பேருந்து. அடுத்தது அந்த லாலானை என்றைக்கு வெட்டுவது, தேதி வேண்டும். மகள் இதில் படிக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வருடத்தில் மகன் முதலாம் ஆண்டு.