யாரு தீர்க்கதரிசி, யாரு மேசியாங்குற சண்டை ஆளைப் பத்தினதே இல்ல

எனக்கு ரொம்ப வேண்டிய ரெண்டு பேரு. ஒருத்தர் கிறிஸ்தவர், தினம் வேதம் வாசிக்காம படுக்க மாட்டாரு. இன்னொருத்தர் முஸ்லிம், அவரை விட வயசுல சின்னவர். பேச்சுவாக்குல மூத்தவர் சொன்னாரு, "ஏசாயா புத்தகத்துல அவ்ளோ தெளிவா எழுதியிருக்கு, அது யூதர்களோட சொந்த புத்தகம், அப்படியும் அவங்க இயேசுவை ஒத்துக்க மாட்டேங்குறாங்கன்னா அது பிடிவாதம்தானே, வேற என்ன?" சின்னவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு, "அண்ணே, உபாகமம் 18-ல மோசே மாதிரி ஒரு தீர்க்கதரிசி வருவாருன்னு இருக்கு, யோவான் 14-ல தேற்றரவாளன் வருவாருன்னு இருக்கு, அது எங்க நபிதான்னு நாங்க நம்புறோம். உங்க சொந்த புத்தகம்தானே, நீங்க ஏன் ஒத்துக்கல?" மூத்தவர் முகம் சட்டுனு மாறிடுச்சு. "அதை அப்படிப் படிக்கக் கூடாது தம்பி"ன்னாரு. அங்க ஒரு யூதர் இருந்திருந்தா ஏசாயாவைப் பத்தி இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாரு.

அன்னையில இருந்து இது எனக்குள்ள ஓடிட்டே இருக்கு. நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: இந்தச் சண்டை பெரும்பாலும் அந்த ஆளைப் பத்தினதே இல்ல. அவரு நல்லவரா, அற்புதம் செஞ்சாரா, சொன்னது பலிச்சுதாங்குறதெல்லாம் அப்புறம். 'தீர்க்கதரிசி'ன்னா என்ன வேலை, 'மேசியா'ன்னா என்ன வேலைங்குறதுலயே ஒவ்வொரு மதமும் வேற வேற இடத்துல நிக்குது. கேள்வியே வேற, அப்ப பதில் எப்படி ஒண்ணா இருக்கும்?

மேசியாங்குற வார்த்தையையே எடுத்துக்கங்க. எபிரேயத்துல மஷியாக், எண்ணெய் ஊத்தி அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு அர்த்தம், அவ்ளோதான். ராஜாவுக்கு ஊத்துவாங்க, ஆசாரியனுக்கு ஊத்துவாங்க. சவுல் ராஜா தாவீதைக் கொல்லத் துரத்துறாரு, ஒரு குகையில சவுல் தனியா தாவீது கையில சிக்குறாரு, அப்பவும் தாவீது கை வைக்கல, ஏன்னா அவரு கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்னு சொல்றாரு, அந்த இடத்துல இருக்குறதும் இதே வார்த்தைதான். அதை விட ஆச்சரியம் ஏசாயா 45. அங்க கடவுள் தான் அபிஷேகம் பண்ணினவர்னு சொல்றது கோரேசை, அதாவது பாரசீக ராஜா சைரஸை. அவரு யூதரே கிடையாது. கி.மு. 539-ல பாபிலோனைப் பிடிச்சு, சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களை ஊருக்குத் திரும்பிப் போகவிட்டவர். அந்தப் புத்தகத்துல மேசியாங்குறது ஒரு பொறுப்பு, பல பேரு வகிச்ச பொறுப்பு. அப்புறம் ராஜ்யம் போச்சு, கோயில் போச்சு, 'தாவீது வம்சத்துல ஒருத்தர் வந்து எல்லாத்தையும் மீட்பாரு'ங்குற ஏக்கம் வளர வளர அந்த வார்த்தை ஒரே ஒரு ஆள் மேல குவிஞ்சுது.

அந்த வார்த்தையோட கிரேக்க மொழிபெயர்ப்புதான் கிறிஸ்து. ஆனா கிறிஸ்தவர் வாயில அது வரும்போது சிலுவை, பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. குர்ஆனும் ஈஸா நபியை அல்மஸீஹ்னுதான் சொல்லுது, கன்னி மரியாமுக்குப் பிறந்தவர்னும் சொல்லுது, ஆனா அங்க அந்தப் பட்டத்துக்கு ராஜ்யமும் இல்ல, பலியும் இல்ல. சிலுவையில அவரைக் கொல்லவே இல்லன்னு சொல்லுது. வார்த்தை ஒண்ணு, அதை வச்சு மூணு பேரு மூணு விஷயம் பேசுறாங்க.

யூதர்கள் பக்கம் 'மேசியா வந்து என்ன செய்யணும்'ங்குறதுக்கு ரொம்ப தெளிவா எழுதினவர் மைமோனிதேஸ், 12-ம் நூற்றாண்டு ஞானி, 1204-ல இறந்தவர். அவரு அற்புதத்தையே கேக்கல. தாவீது வம்சத்து ராஜாவா இருக்கணும், கோயிலை அதோட இடத்துல திரும்பக் கட்டணும், சிதறிப்போன மக்களை ஒண்ணு சேர்க்கணும். இதைச் செஞ்சா அவருதான், செய்யாமலே போயிட்டா, இல்ல கொல்லப்பட்டா, அவரு இல்ல. இந்தக் கணக்கை வச்சுப் பாத்தா இயேசுவை அவங்க ஏன் ஏத்துக்கலங்குறதுல புரியாதது எதுவுமே இல்லையே. கிறிஸ்தவர்கிட்ட கேட்டா, அவரு திரும்ப வருவாரு, மீதி அப்ப நடக்கும்பாரு. யூதர்கிட்ட கேட்டா, ரெண்டு தடவை வருவாருன்னு எங்க புத்தகத்துல எங்கயும் இல்லையேம்பாரு. ரெண்டு பேருமே அவங்கவங்க புத்தகத்துக்கு உண்மையாத்தான் இருக்காங்க.

மூத்தவர் சொன்ன அந்த ஏசாயாவுக்கு வரேன். 7-ம் அதிகாரத்துல ஒரு பெண் கர்ப்பமாகி ஒரு மகனைப் பெறுவாள்னு வருது. எபிரேயத்துல அங்க இருக்குற வார்த்தை 'அல்மா', இளம்பெண். இயேசுவுக்கு முன்னாடியே யூதர்கள் அதைக் கிரேக்கத்துக்கு மாத்தினப்ப 'பார்த்தெனோஸ்'னு போட்டாங்க, அது பெரும்பாலும் கன்னியைக் குறிக்குற வார்த்தை. மத்தேயு அந்தக் கிரேக்கத்தைத்தான் எடுத்துக்குறாரு. இன்னிக்கு ஒரு யூதர் அந்த வசனத்தை வாசிச்சா ஆகாஸ் ராஜா காலத்துல, அந்த ராஜாவோட பயத்துக்குக் கொடுத்த ஒரு அடையாளம்னு வாசிப்பாரு, கிறிஸ்தவர் வாசிச்சா மரியாளைப் பாப்பாரு. 53-ம் அதிகாரமும் இப்படித்தான், அந்தப் பாடுபடுற ஊழியன் யாருன்னு கேட்டா ஒருத்தருக்கு அது இஸ்ரவேல் ஜனமே, இன்னொருத்தருக்கு சிலுவையில தொங்குறவர். இதுல யாருமே பொய் சொல்லல.

தீர்க்கதரிசிங்குற வார்த்தைக்கு வருவோம், இங்கதான் நம்ம தமிழே நமக்குக் காட்டிக் கொடுக்குது. பழைய தமிழ் பைபிள்ல தீர்க்கதரிசி, அதாவது தூரத்துல இருக்குறதைப் பாக்குறவர். கத்தோலிக்கர் வாசிக்குற பொது மொழிபெயர்ப்புல இறைவாக்கினர், கடவுளோட வாக்கைச் சொல்றவர். முஸ்லிம்கள் நபின்னு அந்த அரபிச் சொல்லையே வச்சுக்கிட்டாங்க, எபிரேயத்துல அதுக்கு உறவுச் சொல் நாவி. ஒரே மொழி பேசுற நாமளே மூணு வார்த்தை வச்சிருக்கோம், ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு வேலையைச் சொல்லுது.

வார்த்தை மட்டும் இல்ல, அந்த ஆளு எப்படிப்பட்டவரா இருக்கணும்ங்குறதும் வேற. எபிரேய வேதத்துல கடவுள் கூப்பிட்டவங்க தப்பு செய்வாங்க, யோனா கடவுள் சொன்ன ஊருக்குப் போகாம எதிர்ப்பக்கம் கப்பல் ஏறி ஓடுறாரு, தாவீது இன்னொருத்தன் மனைவியை எடுத்துக்கிட்டு அவனைப் போர்ல சாகவிடுறாரு, சாலொமோன் வயசான காலத்துல வேற தெய்வங்கள் பின்னாடி போறாரு. இஸ்லாத்துல தாவூதும் சுலைமானும் நபிமார்கள், நபின்னா மனுஷங்களுக்கு முன்மாதிரி, பெரும்பாவத்துல இருந்து காக்கப்பட்டவர். அதனால அந்தக் கதைகளை முஸ்லிம்கள் கேக்கும்போது உண்மையிலயே மனசு வலிக்கும், ஒரு நபியைப் பத்தி இப்படியான்னு. சுலைமான் இறைமறுப்பாளரா ஆகலன்னு குர்ஆன் தனியா எடுத்தே சொல்லுது. ஆதாமைப் பாருங்க, ஒருத்தருக்கு முதல் பாவம் செஞ்சவர், இன்னொருத்தருக்கு முதல் நபி. அதே தானியேல் புத்தகம் கிறிஸ்தவ பைபிள்ல தீர்க்கதரிசிகள் வரிசையில இருக்கும், யூதர்களோட வேதத்துல 'எழுத்துகள்'னு வேற பிரிவுல இருக்கும். புத்தகத்தை எந்த வரிசையில அடுக்குறாங்கங்குறதுலயே யாரு தீர்க்கதரிசிங்குற தீர்ப்பு இருக்கு.

சரி, பரிசோதனையாவது ஒண்ணா இருக்கான்னா அதுவும் இல்ல. உபாகமம் 18 சொல்லுது, கர்த்தர் பேரால சொன்னது நடக்கலைன்னா அவன் சொந்தமா சொன்னான், பயப்படாதே. ஆனா அதே புத்தகத்துல 13-ம் அதிகாரம் இன்னும் கடுமை: ஒருத்தன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், வேற தெய்வத்துக்கிட்ட உன்னைக் கூப்பிட்டான்னா கேக்காதே, அது உனக்கு வச்ச சோதனை. இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அற்புதத்தைக் காட்டி ஒரு யூதரை மாத்த முடியாதுங்குறது அவங்க பிடிவாதம் இல்ல, அவங்க வேதமே அப்படித்தான் கத்துக் கொடுத்திருக்கு. கிறிஸ்தவருக்கு உயிர்த்தெழுதல்தான் பெரிய சாட்சி. முஸ்லிமுக்கு குர்ஆனே சாட்சி, இது மாதிரி ஒரு அத்தியாயம் கொண்டு வாங்கன்னு அதுவே சவால் விடுது. ஆரம்பகால கிறிஸ்தவர்களோட திதாகேங்குற ஒரு சின்ன கையேடு இருக்கு, அதுல ஊர் ஊரா வர்றவங்களை எப்படிக் கண்டுபிடிக்குறதுன்னு சொல்லியிருக்குறது எனக்கு ரொம்ப பிடிக்கும்: ஒரு நாள் தங்கலாம், அவசியம்னா ரெண்டு நாள், மூணு நாள் தங்கினா கள்ளத் தீர்க்கதரிசி, போகும்போது ரொட்டி வாங்கிக்கலாம், பணம் கேட்டா கள்ளத் தீர்க்கதரிசி. ஏமாந்து ஏமாந்து வலிச்ச ஜனங்க எழுதினது அது, படிக்கும்போதே தெரியும்.

இப்ப கதவு விஷயம். பின்னாடி வர்ற மதம் முன்னாடி வந்தவங்களை ஏத்துக்கும், முன்னாடி இருந்த மதம் பின்னாடி வந்தவரை ஏத்துக்காது, ஏன்னா ஏத்துக்கிட்டா அது அதுவா இருக்காது. சமாரியர்கள் மோசேயோட ஐந்து புத்தகத்தோட நின்னுட்டாங்க. யூத மரபு மல்கியாவோட தீர்க்கதரிசனம் முடிஞ்சதுங்குது. கிறிஸ்தவம் இயேசுகிட்ட எல்லாம் நிறைவேறிடுச்சுங்குது. குர்ஆன் முகமது நபியை நபிமார்களின் முத்திரைன்னு சொல்லுது. அந்த யோவான் 14 தேற்றரவாளன் வசனமே பல கை மாறியிருக்கு, கிறிஸ்தவர்களுக்கு அது பரிசுத்த ஆவி, 2-ம் நூற்றாண்டுல மொந்தானுஸ்ங்குறவரைப் பின்பற்றின கிறிஸ்தவக் கூட்டம் அதைத் தங்களுக்குன்னு சொன்னாங்க, 3-ம் நூற்றாண்டுல புது மதம் தொடங்கின மானியோட ஆளுங்க அது மானிதான்னு சொன்னாங்க, அப்புறம் முஸ்லிம்கள். ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட 'கதவைத் திற'ன்னாங்க, தனக்குப் பின்னாடி வந்தவங்ககிட்ட 'கதவு மூடியாச்சு'ன்னாங்க.

கதவை மூடுறதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். 1665-ல சப்பத்தாய் செவி தான்தான் மேசியான்னு அறிவிச்சப்ப எத்தனையோ நாட்டு யூதர்கள் இருக்குறதை வித்துட்டு புறப்படத் தயாரானாங்க, அடுத்த வருஷமே அவரு ஒட்டோமான் சுல்தான் முன்னாடி மதம் மாறிட்டாரு. அதுக்கப்புறம் அந்த ஜனங்க பட்ட அவமானத்தை நினைச்சுப் பாருங்க. திறந்தே கிடக்குற கதவால வர்ற காயம் அது.

ஆனா மூடின கதவுக்கு வெளியில நிக்குறவங்களை என்ன செய்றோம்ங்குறது வேற விஷயம், அதுலதான் எனக்குக் கோவம் வருது. 1889-ல மிர்ஸா குலாம் அகமது தொடங்கின அகமதியா இயக்கத்தை இஸ்லாத்துக்குள்ள இல்லன்னு மத்த முஸ்லிம்கள் சொல்றாங்க, அது அவங்க நம்பிக்கை, சொல்ல உரிமை இருக்கு. ஆனா 1974-ல பாகிஸ்தான் அரசியல் சட்டத்தையே திருத்தி அவங்க முஸ்லிம் இல்லன்னு எழுதுச்சு, 1984-ல தொழுற இடத்தை மசூதின்னு சொல்றதே குற்றம்னு ஆக்குச்சு. ஈரான்ல புது மதம் தொடங்கின பாப்ங்குறவரை 1850-ல சுட்டுக் கொன்னாங்க, அவருக்கு அப்புறம் வந்த பஹாவுல்லாவை நம்புற பஹாய்கள் அங்க இன்னிக்கும் நிம்மதியா இல்ல. ஐரோப்பாவுல மேசியாவை ஏத்துக்கலன்னு யூதர்களைக் கிறிஸ்தவங்க எத்தனை நூற்றாண்டு துரத்தினாங்க. நம்பலங்குறதுக்கு ஒருத்தன் ஏன் ஓடணும்? 'உன்னை நான் நம்பல'ங்குறதுக்கும் 'நீ இருக்கக் கூடாது'ங்குறதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்கு!

இன்னொரு பக்கம் 'எல்லா மதமும் ஒண்ணுதான்பா, எதுக்கு சண்டை'ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நல்ல மனசுதான், ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏத்துக்கிறதே சில நேரம் மறுப்பாயிடும். புராணங்கள்ல புத்தரை விஷ்ணுவோட அவதாரம்னு சேத்துக்கிட்டாங்க, பௌத்தர்கள் அதை மரியாதையா பாக்கல, எங்க குருவை உங்க கதைக்குள்ள கரைக்காதீங்கன்னுதான் சொன்னாங்க. 'நாங்களும் இயேசுவை மதிக்கிறோம்'னு முஸ்லிம் நண்பர் மனசாரத்தான் சொல்றாரு, ஆனா சிலுவை இல்லாத இயேசு கிறிஸ்தவருக்கு அவரோட இயேசுவே இல்ல. வித்தியாசத்தை வித்தியாசமாவே விட்டு வச்சுப் பேசுறதுதான் அடுத்தவன் நம்பிக்கைக்கு நாம கொடுக்குற மரியாதைன்னு நான் நினைக்கிறேன்.

கடைசியா ஒரு சம்பவம். கி.பி. 132-ல ரோமுக்கு எதிரா பர் கோக்பா தலைமையில யூதர்கள் எழுந்தாங்க. அந்தக் காலத்துல ரபி, அதாவது யூத மதகுரு, அகிவாவை விடப் பெரிய ஞானி இல்ல, அவரே இவரைப் பாத்து இவருதான் மேசியா ராஜான்னுட்டாரு. அப்ப யோகானான் பென் தோர்த்தாங்குற இன்னொரு ரபி அவரு முகத்துக்கு நேரா சொன்னாரு, அகிவா, உன் கன்னத்துல புல்லு முளைச்சிருக்கும், அப்பவும் தாவீதோட மகன் வந்திருக்க மாட்டான்னு. 135-ல எல்லாம் முடிஞ்சுது, பர் கோக்பா செத்தாரு, பர் கோக்பா, அதாவது நட்சத்திரத்தோட மகன்னு அழைச்சவரைப் பின்னாடி பொய்யோட மகன்னு பேரை மாத்திச் சொன்னாங்க. அகிவாவையும் ரோமர்கள் கொன்னாங்க. இவ்ளோ பெரிய விஷயத்துல தப்பாப் போன அகிவாவை யூதர்கள் தூக்கிப் போடல, இன்னிக்கும் அவரு அவங்களுக்கு தலைசிறந்த ஆசிரியர்கள்ல ஒருத்தர். ரபிகளோட விவாதங்களைத் தொகுத்து வச்சிருக்குற எருசலேம் தல்மூதுல அவரு சொன்னதும் இருக்கு, அடுத்த வரியிலயே யோகானான் சொன்னதும் இருக்கு.