அந்த 70 சதவீதம் வேலையை விட்டவர்களின் கணக்கு அல்ல

ஹோட்டல் வேலையை விடுபவர்களில் 70 சதவீதம் பேர் மேனேஜரால்தான் விடுகிறார்கள், இது அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பின் கணக்கு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அமெரிக்க மேனேஜர்களைப் பற்றி கேலப் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் 70 என்ற எண் இருப்பது உண்மை. ஆனால் அது சொல்வது வேறு.

வேலையில் ஈடுபாடு குழுவுக்குக் குழு மாறுகிறது அல்லவா, அந்த வித்தியாசத்தில் குறைந்தது 70 சதவீதத்துக்கு மேனேஜர் காரணம் என்கிறது அறிக்கை. ஒரே ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் உற்சாகமாகவும் ஃப்ரண்ட் ஆபீஸ் ஆட்கள் சோர்ந்துபோயும் இருந்தால், அந்த மாதிரி இடைவெளியைப் பற்றிய கணக்கு அது. எத்தனை பேர் ராஜினாமா செய்தார்கள் என்பதல்ல. ஹோட்டல்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வும் அல்ல.

சரி, மேனேஜரால் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர்? அதற்கும் கேலப்பிடம் தனிக் கணக்கு உண்டு. 7,272 அமெரிக்கர்களிடம் கேட்டதில், இரண்டில் ஒருவர் எப்போதாவது ஒருமுறை அப்படி விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதுவே பெரிய எண்தான், ஊதிக் காட்டத் தேவையே இல்லை.

‘ஸ்டேட் ஆஃப் தி அமெரிக்கன் மேனேஜர்’, கேலப், 2015 என்று தேடி, 70 வருகிற வாக்கியத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஈடுபாட்டு மதிப்பெண்களைப் பற்றித்தான் இருக்கும்.