ஒரு பயணத்துக்குத்தான் நாள் இருக்கிறது என்றால் பொலன்னறுவைக்கே போங்கள்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கி, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்கள் வந்திறங்கத் தொடங்கியதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: வாடகை வானை அநுராதபுரத்துக்குப் பிடிப்பதா, பொலன்னறுவைக்குப் பிடிப்பதா? இரண்டும் கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டும் 1982 ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு இடங்களிலும் டொலர்க் கணக்கில்தான் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் அநுராதபுரம் என்றே சொல்வார்கள். பழமையானது, பெயர் பெற்றது, யாழ்ப்பாணம் போகிற வழியில் இருப்பது என்று அவர்கள் அடுக்கும் காரணங்கள் எல்லாமே உண்மைதான். ஆயினும் முதற்பயணத்துக்கு, அதிலும் ஒரே நாள்தான் கையில் இருக்கும் குடும்பத்துக்கு, நான் பொலன்னறுவையையே சொல்வேன்.

அநுராதபுரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவனராமயத் தாதுகோபம் கட்டப்பட்ட காலத்தில் சுமார் 122 மீற்றர் உயரமாக நின்றது. பழைய உலகில் அதைவிட உயர்ந்து நின்றவை கீசாவின் இரு பெரும் பிரமிட்டுகளே. ஐந்தாம் நூற்றாண்டில் சீனத் துறவி பாகியான் வந்து தங்கிய அபயகிரி விகாரை அங்கேதான் இருக்கிறது. அந்த விகாரைக்கு அண்மையில், தமிழ் இல்லறத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட ஒரு மேடையைக் குறிப்பிடும் பிராமிக் கல்வெட்டு உண்டு. கப்பல் தலைவன் ஒருவனையும் குறிக்கும் அந்தக் கல்வெட்டு கிறிஸ்துவுக்கு முற்பட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டான் என்று மகாவம்சமே ஒப்புக்கொள்ளும் எல்லாளனின் ஊரும் அதுதான்.

ஆனால் இவை யாவும் பல கிலோமீற்றர் பரப்பில், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த பல நூற்றாண்டுகளாகக் கிடக்கின்றன. முன்கூட்டியே வாசித்துவிட்டு வராதவருக்குப் பெரிய வெள்ளைத் தாதுகோபம், பெரிய செங்கல் தாதுகோபம், இன்னொரு பெரிய தாதுகோபம் என்ற அளவிலேயே அந்த நாள் முடிந்துவிடும். மேலும், ஸ்ரீ மகாபோதியும் ருவன்வெலிசாயவும் முதலில் வழிபாட்டுத் தலங்கள். வெண்ணிற ஆடையோடு பூத்தட்டு ஏந்தி வரும் அடியார்களுக்கு நடுவே, சுடுகின்ற கல்லில் வெறுங்காலோடு நின்று வரலாற்று விளக்கம் நடத்துவது அவர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் சங்கடம்.

பொலன்னறுவை தலைநகராக இருந்த காலம் அதனோடு ஒப்பிட்டால் மிகக் குறுகியது. அந்தக் குறுக்கமே முதன்முறை வருபவருக்கு உதவுகிறது. அநுராதபுரத்தைக் கைப்பற்றிய சோழர்கள் அரசிருக்கையை இங்கே மாற்றிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070 அளவில் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். பின்னர் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), நிசங்கமல்லன் (1187–1196), 1215 இல் கலிங்கத்து மாகனின் படையெடுப்பு, அதன் பிறகு வீழ்ச்சி. இந்தக் கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண்ணெதிரே ஒரு கட்டடம் நிற்கிறது. காலையில் ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்தால், பகல் முழுவதையும் தந்து பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

அவற்றுள் நம்மவர் தேடிப் போவது வானவன்மாதேவி ஈச்சரத்தை. சோழ அரசி ஒருத்தியின் பெயரால் அமைந்த, தொல்பொருள் திணைக்களத்தார் இரண்டாம் சிவதேவாலயம் என எண்ணிட்டிருக்கும் அந்தக் கோயில், அடி முதல் விமானத்தின் உச்சி வரை கல்லாலானது. அளவில் சிறியது என்றாலும், சோழநாட்டுக் கோயிலொன்றின் வடிவம் சிதையாமல் அப்படியே நிற்கிறது. அதன் முன் படம் எடுத்து, நம் மன்னர் ஆண்ட மண் என்று நான்கு வரி எழுதிவிட்டு வானுக்குத் திரும்பிவிடுபவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதே சோழப்படை விகாரைகளைக் கொள்ளையிட்டதை, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் பதிந்து வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்கள் தவறவிடுவது தலதா மலுவ என்னும் புனித வளாகத்தில், அட்டதாகே என்ற கட்டடத்தின் அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டை. என்னைக் கேட்டால் அந்த ஒரு கல்லுக்காகவே பொலன்னறுவை போகலாம். விஜயபாகுவின் காலத்தில், சோழருக்கு எதிராகப் போரிடப் போகமாட்டோம் என்று கிளர்ந்தெழுந்து தண்டனையும் பெற்றது, தென்னிந்தியக் கூலிவீரர்களைக் கொண்ட வேளைக்காரப் படை. அந்த மன்னன் இறந்த பின்னர், அதே படையினர் புத்தரின் புனித தந்தம் இருந்த கோயிலையும் அதன் சொத்துகளையும் தம் உயிரைக் கொடுத்தேனும் காப்பதாகப் பொறுப்பேற்று, அதற்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் என்ற தம் பெயரையும் சூட்டி, தமிழில் கல்லில் பொறித்து வைத்தார்கள். தமிழரென்றால் ஒரு பக்கம், பௌத்தமென்றால் மறுபக்கம் என்று பாடப்புத்தகத்தில் கோடு போட்டுப் படித்து வளர்ந்த நமக்கு, அந்த எழுத்துகளின் முன் பத்து நிமிடம் நிற்பது எவ்வளவோ சொல்லித்தரும்.

அதே மலுவவில் நிசங்கமல்லனின் கல்பொத என்னும் ‘கற்புத்தகம்’ கிடக்கிறது. இருபத்தைந்து தொன் எடையுள்ள கல்லை மிகிந்தலையிலிருந்து இழுத்து வரச் செய்து, தன் புகழைத் தானே எழுதிக்கொண்ட மன்னன். திறப்புவிழாப் பலகை வைக்கும் வழக்கம் இந்நாட்டில் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. கல்விகாரையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரே பாறையில் செதுக்கிய அந்த நான்கு சிலைகளையும் படத்திலேனும் பார்க்காதவர் இல்லை. மாலை வெயில் சாய்ந்த பிறகு போங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

புறப்படுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று கொழும்பிலேயே இருக்கிறது. பொலன்னறுவைச் சிவதேவாலயங்களின் அருகே மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட நடராசர், பார்வதி, நாயன்மார் முதலிய செப்புத் திருமேனிகளை, கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அவற்றைப் பார்த்துவிட்டு மறுநாள் அந்தக் கோயில்களுக்குப் போகும் பிள்ளைக்கு, வெறுமையாகக் கிடக்கும் கருவறை வெறுமையாகத் தெரியாது. வான் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மட்டக்களப்புப் புகையிரதத்தில் போகலாம். அது பொலன்னறுவையில் நிற்கும்.

அநுராதபுரத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போகும்போது ஒருமுறை அங்கே இறங்கி, இரண்டு நாட்கள் முழுதாகத் தங்குங்கள். ஜூன் மாதத்துப் பௌத்தத் திருநாளான பொசன் வாரத்தில் மட்டும் வேண்டாம். வீதியெங்கும் யாத்திரிகர்களும் இலவச உணவு வழங்கும் தன்சல்களுமாக இருக்கும், தங்க அறையும் கிடைக்காது.