விரலை மடக்கச் சொல்லாதீர்கள்

டெல்லி மயூர் விஹார் தமிழர் குழுவில் நேற்று சுற்றிய அந்த ஒன்றாம் வகுப்பு நோட்டைப் பார்த்திருப்பீர்கள். 8+5=13. விடை சரி. விரல் விட்டு எண்ணக் கூடாது என்று பக்கத்தில் சிவப்பு மையில் குறிப்பு. அதற்கு நம்மவர்களே கைதட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

விரல் விடுவது தப்பே இல்லை. பிள்ளை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று பாருங்கள். 3+6 கேட்டால் முதலில் மூன்று விரல் நீட்டும், ஆறு நீட்டும், மொத்தத்தையும் ஒன்றிலிருந்து எண்ணும். பிறகு மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு 'நாலு, அஞ்சு' என்று மேலே போகும். பல பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே ஒருநாள் ஆறில் தொடங்கி மூன்றே விரல் விடுவார்கள். எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஒன்றுதான் என்று புரிந்த பிள்ளை அது. 1972-இல் க்ரோன், பார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்லும் நேரத்தை அளந்தார்கள். இரண்டில் சின்ன எண் கூடக் கூட நேரமும் கூடியது, அதாவது பெரிய எண்ணை வைத்துக்கொண்டு சின்னதை மட்டும் எண்ணுவதுபோல. 'மனசுல எட்டு, கையில அஞ்சு' என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே வழிதான்.

தப்பு வருமிடம் வேறு. 8+5-இல் முதல் விரலுக்கே 'எட்டு' என்று சொன்னால் 12 வரும். அதற்குத் திட்டு வேண்டாம். எட்டுப் புளியங்கொட்டையை எவர்சில்வர் டம்ளரால் மூடுங்கள், வெளியே ஐந்து வையுங்கள். டம்ளரைத் தட்டி 'எட்டு', வெளியே முதல் கொட்டையைத் தொட்டு 'ஒன்பது'. கழித்தலிலும் இதே வழுக்கல்தான்: 13-5க்கு 13-ஐயே முதல் விரலாக எண்ணினால் 9 வந்து நிற்கும். 13-9க்குப் பின்னோக்கி எண்ணவே வேண்டாம், ஒன்பதிலிருந்து ஏறினால் நாலே விரல்.

'மனப்பாடம் பண்ணித்தான் நாங்கள் படித்தோம்' என்பீர்கள். மனப்பாடமும் வரும். திரும்பத் திரும்பச் சரியாக எண்ணிய விடைதான் மனதில் தங்குகிறது. எட்டோடு ரெண்டு பத்து, மீதி மூணு என்று உடைப்பதும் அதன்மேல்தான் வரும். 'ஆறாம் வகுப்பிலும் விரல் விடுவானே?' அதை அப்போது பார்க்கலாம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அடிப்படைக் கணக்கு வரட்டும் என்றுதான் 2021-இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டமே சொல்கிறது. இவன் ஒன்றாம் வகுப்பு!

இதில் 'வீட்டில் தமிழில் எண்ணாதீர்கள், குழம்புவான்' என்று ஒரு அறிவுரை வேறு. இருபத்தொன்பது என்றால் இருபதும் ஒன்பதும் காதிலேயே விழுகிறது. இந்தியில் 'உன்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு. அதையும் அவன் கற்கத்தான் போகிறான். பத்தும் ஒன்றும் பிரிந்து கேட்கிற சொல்லை ஏன் அவனிடமிருந்து பிடுங்க வேண்டும்?

தடுத்தால் விரல் நிற்காது, பெஞ்சுக்கு அடியில் போகும். அங்கே எந்த விரலில் தப்பினான் என்று டீச்சருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.